யூதர்: ஒரு பெயர், பல சமூகங்கள்

யூதர் என்றதும் நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவோர், திருப்பாடுகளின் நாடகத்தில் வரும் பரிசேயரும் தலைமைக் குருக்களுமே. நாடகம் முடிந்ததும் அவர்களை மறந்துவிடுகிறோம். அதன்பின் அம்மக்கள் எங்கே வாழ்ந்தார்கள்? என்ன மொழி பேசினார்கள்? இவற்றை அறிய விரும்புவோர் முதலில் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். யூதர் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். ஒவ்வொரு சமூகத்தையும் அதனதன் மொழியிலும் வாழ்விலும் வைத்தே கற்க வேண்டும். நான்கு சமூகங்களைப் பார்ப்போம்.

கிழக்கு ஐரோப்பா

போலந்து, லித்துவேனியா, உக்ரேன் ஆகிய நாடுகளில் வாழ்ந்தோர் அஸ்கெனாசி யூதர். அவர்கள் வீட்டில் பேசியது இத்திஷ். ஜேர்மன் மொழியை அடிப்படையாகக் கொண்டு எழுந்த இம்மொழி எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. இவர்களுக்குள்ளேயும் ஒருமனம் இருக்கவில்லை. 18ம் நூற்றாண்டில் ஹசீதியர் மகிழ்ச்சியும் பாடலும் நிறைந்த செபத்தை முதன்மையாகக் கொண்டனர். மறைநூற் கல்வியையே உயிராகக் கொண்ட வில்னா நகரப் பேரறிஞர் எலியா அவர்களை வன்மையாக எதிர்த்தார். அதே காலத்தில் பேர்லினில் மோசஸ் மெண்டல்சோன் யூதருக்குப் புதிய கல்வி வேண்டுமென வாதாடினார்.

சலோனிக்கா

1492ம் ஆண்டில் ஸ்பானியாவிலிருந்து துரத்தப்பட்ட யூதரிற் பெருந்தொகையினர் துருக்கிப் பேரரசில் அடைக்கலம் பெற்றனர். இவர்களே செபராது யூதர். இன்று கிரேக்க நாட்டிலுள்ள சலோனிக்கா அவர்களுடைய பெருநகராயிற்று. தங்களைத் துரத்திய நாட்டின் பழைய மொழியையே அவர்கள் நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக வீட்டில் பேசினர். லதீனோ என்பது அதன் பெயர். துறைமுகத் தொழிலாளரிற் பெரும்பாலோர் யூதராயிருந்தமையால், சனிக்கிழமைகளில் துறைமுகமே ஓய்ந்திருந்தது. 1943ம் ஆண்டில் நாசிகள் இந்நகர யூதரில் 45,000 பேர் வரையில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டு சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் திரும்பவில்லை.

பக்தாத்

ஈராக்கிய யூதரின் தாய்மொழி அரபு. 1932ம் ஆண்டில் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டுக்கு ஈராக் அனுப்பிய வாத்தியக் கலைஞர்களிற் பெரும்பாலோர் யூதர்களே. ஒன்பது ஆண்டுகளின் பின், 1941ம் ஆண்டு யூன் மாதத்தில், அதே பக்தாத்தில் யூதர் தெருக்களில் கொலையும் கொள்ளையும் நடந்தன. 1950, 1951ம் ஆண்டுகளில் ஏறக்குறைய 1,20,000 பேர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுச் சென்றனர்.

கொச்சி

நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தில் வாழ்ந்த யூதர் பேசியது மலையாளம். மட்டாஞ்சேரியில் 1568ம் ஆண்டில் கட்டப்பட்ட அவர்களுடைய செபக்கூடம் இன்றும் உண்டு. கலியாண வீடுகளிலும் திருநாட்களிலும் பெண்கள் மலையாளத்தில் பாடினர். அப்பாடல்களைக் கொப்பிகளில் எழுதி, தாய் மகளுக்குக் கொடுத்துக் காத்தனர். 1950களில் இவர்களிற் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறினர். அயலவர் துரத்தியதால் அன்று, தாமே விரும்பிச் சென்றனர்.

எழுதி வைத்தவர்கள்

இவ்வரலாறுகள் தாமாக நமக்குக் கிடைக்கவில்லை. நாசிகள் வார்சோ நகர யூதரை மதிலுக்குள் அடைத்தபோது, எம்மானுவேல் ரிங்கெல்புளும் என்ற வரலாற்றாசிரியர் இரகசியமாக ஒரு குழுவை அமைத்தார். நாட்குறிப்புகள், பிள்ளைகளின் கட்டுரைகள், சுவரொட்டிகள், இனிப்பு சுற்றிய கடதாசிகள் வரை அனைத்தையும் அவர்கள் சேர்த்தனர். அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பாற்கலன்களிலும் வைத்து மண்ணில் புதைத்தனர். தம் மக்களின் கதையைக் கொலைகாரர் மட்டுமே எழுதிவிடக் கூடாது என்பதே அவர்களுடைய கவலை. ரிங்கெல்புளும் 1944ம் ஆண்டில் மனைவியோடும் மகனோடும் கொல்லப்பட்டார். புதைத்தவற்றில் ஒரு பகுதி 1946ம் ஆண்டிலும் மற்றொரு பகுதி 1950ம் ஆண்டிலும் கண்டெடுக்கப்பட்டன.

நமக்குரிய பாடம்

நாசிகள் ஏறக்குறைய 60 இலட்சம் யூதரைக் கொன்றனர். இத்திஷ் பேசியவரோ லதீனோ பேசியவரோ, பக்தரோ கடவுளை மறுத்தவரோ என்று அவர்கள் பார்க்கவில்லை. யூதர் என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. எல்லா யூதரையும் ஒருவராக எண்ணிப் பழிக்கும் வழக்கம் நாசிகளுக்கு நெடுங்காலம் முன்னரே கிறிஸ்தவ ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது.

திருச்சபை இதைத் திருத்த முன்வந்தது. பாப்பரசர் 23ம் அருளப்பர் 1959ம் ஆண்டில், பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை இழிவுபடுத்திய சொல்லை நீக்கினார். 2ம் வத்திக்கான் சங்கம் 1965ம் ஆண்டில் மேலும் தெளிவாகப் போதித்தது: யேசுவின் பாடுகளில் நிகழ்ந்தவற்றை அக்காலத்து யூதர் எல்லார்மேலும் வேறுபாடின்றிச் சுமத்தலாகாது, இக்காலத்து யூதர்மேலும் சுமத்தலாகாது. வேறுபாடின்றி என்பதே இங்கு கவனிக்க வேண்டிய சொல். வேறுபாடு காணக் கற்பதே வரலாற்றுக் கல்வி. ஆகவே இக்கல்வி அறிவுக்கு மட்டுமன்றி, நீதிக்கும் உரியது.

குடும்பமாகச் சிந்திக்க

1. யூதரைப் பற்றி நம் பிள்ளைகள் முதன்முதலில் எங்கே, என்ன கேட்கிறார்கள்?

2. கொச்சியின் தாய்மார் கொப்பிகளில் காத்ததைப் போல, நம் வீட்டில் எழுதி வைக்க வேண்டிய பாடல்கள், கதைகள் எவை?

3. ஒருவர் செய்த குற்றத்துக்காக ஓர் இனம் முழுவதையும் நாம் பழிப்பதுண்டா?