பலாக்கனியைப் பறித்தவன் யார்?

ஆசையே துன்பத்திற்கு வித்து என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆலயத்தில் கேட்கின்றோம், நூல்களிற் பயில்கின்றோம். ஆயினும் ஆசை நம்மை விட்டு நீங்குவதில்லையே, ஏன்? திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் இறுதிப் பகுதியாகிய முத்தி இலம்பகத்தில் இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

அமைச்சனாகிய கட்டியங்காரன் தன் அரசன் சச்சந்தனைக் கொன்று ஏமாங்கத நாட்டைக் கவர்ந்தான். சுடுகாட்டிற் பிறந்து, வணிகன் கந்துக்கடன் இல்லத்தில் வளர்ந்த சீவகன், பின்னர்ப் பகைவனை வென்று தந்தையின் நாட்டை மீட்டான். தேவியர் எண்மருடன் செங்கோல் செலுத்தி இனிது வாழ்ந்தான்.

ஒருநாள் சோலையில் ஒரு காட்சி கண்டான். கடுவன் ஒன்று பலாக்கனியைக் கொணர்ந்து தன் மந்திக்கு அளித்தது. அங்கு வந்த காவலன் அவற்றை விரட்டிக் கனியைப் பறித்துக்கொண்டான். நிகழ்ந்தது இவ்வளவே. நாமாயின் குரங்குகளுக்காகச் சிறிது இரங்கி, அப்பாற் சென்றிருப்போம். சீவகனோ, கனியை இழந்த குரங்கில் கட்டியங்காரனையும், அதனைப் பறித்த காவலனில் தன்னையும் கண்டான். அக்கனி, தான் நுகரும் அரச இன்பமே எனத் தெளிந்தான்.

இங்கு நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். சீவகன் மீட்டது தனக்கு உரிய நாடு. உலக நீதி அவன் பக்கமே நின்றது. எனினும், ஒருவர் கையிலும் நிலையாப் பொருளை 'எனது' என்று பற்றியதில், தனக்கும் பகைவனுக்கும் வேறுபாடு இல்லை என உணர்ந்தான். அவ்வுணர்வே விழிப்பு. அவன் எதையும் இழந்து வருந்தியபோது விழிக்கவில்லை. எல்லாம் பெற்றிருந்தபோதே விழித்தான். இழப்பினால் வரும் வெறுப்பு, இழந்தது திரும்பக் கிடைத்தவுடன் மறைந்துவிடும். தன் பற்றினைத் தானே கண்டவனுக்கு வரும் துறவே நிலைக்கும். மைந்தனிடம் அரசை ஒப்புவித்து, வர்த்தமான பகவானின் சமவசரணத்தை அடைந்து, சீவகன் துறவு பூண்டு முத்தி எய்தினான்.

நம் ஆகமங்கள் பரிக்கிரகத்தைப் புறத்தே 10 என்றும், அகத்தே 14 என்றும் வகுக்கின்றன. நிலமும் மனையும் பொன்னும் தானியமும் புறத்தன. குரோதம், மானம், மாயை, லோபம் முதலியன அகத்தன. இந்நான்கு கஷாயங்களுள் இறுதியாக அழிவது லோபமே. 14 குணஸ்தானங்களுள் 10ஆவதை எய்திய முனிவரிடத்தும் அது நுண்ணியதாய் எஞ்சி நிற்குமெனின், இல்லறத்தாராகிய நம் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

நம் குடும்பங்கள் பல உழவால் வாழ்ந்தவை. வரப்பின் ஓரடி மண்ணுக்காகவும், கிணற்றுப் பங்கிற்காகவும் உடன்பிறந்தார் பிரிந்த செய்தி நாம் அறியாததன்று. இதனை எழுதும் நாமும் ஒரு வரப்பின் பொருட்டுத் தமையனாருடன் பல்லாண்டுகள் பேசாதிருந்தோம். நீதி நம் பக்கமே என எண்ணியிருந்தோம்; அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இவ்விலம்பகத்தை மீண்டும் பயின்றபோது, கனியை இழந்தவராக நம்மைக் கருதியிருந்த நாம், காவலன் நின்ற இடத்தில் நிற்பதைக் கண்டு நாணினோம். அவர் இல்லம் சென்று வணங்கினோம். வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. நெஞ்சின் சுமை மட்டும் இறங்கிற்று.

சீவகனைப் போல் இன்றே அனைத்தையும் துறத்தல் நமக்கு அரிது. அதனாலன்றோ இல்லறத்தார்க்கு மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் விதிக்கப்பட்டது! நிலம், மனை, பொன், ஆடை ஆகியவற்றிற்கு இவ்வளவு போதும் என ஓர் எல்லையைக் குடும்பத்தார் கூடி வரையறுத்து, ஜினபிம்பத்தின் முன் விரதமாக ஏற்போம். எல்லைக்கு மிகுந்ததை ஆகாரம், மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானத்திற்கு ஆக்குவோம். 'எனது' என்று நாவெழும் போதெல்லாம் அப்பலாக்கனியை நினைவோமாக.

அறம் வளர்க!