29 வயசுல பல்லுக்கு கம்பி: செலவு 45,000 ரூபாயா, 69,000 ரூபாயா?

இந்த வாரம் வந்த ஒரு கேள்வியை அப்படியே தர்றேன். "அண்ணா, எனக்கு 29 வயசு. முன்பல்லு எத்துப்பல்லு, கீழ்வரிசை ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கு. கம்பி போடணும்னு ரொம்ப வருஷமா ஆசை. 45,000 ரூபா கேக்காங்க. என் சம்பளம் 12,000. அப்பா அம்மாவுக்கு எஸ்டேட்ல இருந்து வந்த செட்டில்மென்ட் பணம் பேங்க்ல கிடக்கு. அதுல எடுக்கலாமா, இல்ல இஎம்ஐ போட்டுக்கலாமா?"

கேட்டது மாஞ்சோலையில பிறந்து வளர்ந்து, இப்போ அம்பாசமுத்திரத்துல வாடகை வீட்டுல இருக்கிற ஒரு தங்கச்சி. பல்லைப் பத்தின கேள்வி மாதிரி தெரியும். ஆனா இதுல பாதி அந்த செட்டில்மென்ட் பணத்தைப் பத்தினது. அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தப் பணம் எதுக்குப் பதிலா வந்தது?

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி பக்கத்து ஆளுங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். மத்தவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 1929ல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை அது. 2028ல குத்தகை முடியுது. தோட்டத்தை நடத்தின பாம்பே பர்மா கம்பெனி 2024 ஜூன்லயே வேலையை நிறுத்திட்டு, தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. மூணு நாலு தலைமுறையா அங்கேயே இருந்த குடும்பங்கள் மூட்டை கட்ட வேண்டியதாச்சு.

தேயிலைத் தோட்டத்துல சம்பளம் கம்மிதான். ஆனா 1951ஆம் வருஷத்து தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடும் வைத்தியமும் முதலாளி பொறுப்பா இருந்துச்சு. வாடகைன்னு ஒரு செலவே கிடையாது. காய்ச்சல்னா எஸ்டேட் ஆஸ்பத்திரி. கீழ இறங்கின அன்னைக்கே இந்த ரெண்டும் நம்ம தலையில விழுந்திருச்சு. அப்போ அந்த செட்டில்மென்ட் சேமிப்புப் பணம் கிடையாது. இனிமே வாழ்நாள் முழுக்க கொடுக்கப் போற வாடகைக்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே தடவையா கையில கொடுத்த தொகை. அதுல இருந்து 45,000 எடுத்தா வருஷ வட்டி நஷ்டம் மூவாயிரம், நாலாயிரம்தான் இருக்கும், பெருசா தெரியாது. ஆனா முதல்ல பல்லுக்குன்னு திறந்த பெட்டி அடுத்து தம்பி பைக்குக்கும், மாமா கைமாத்துக்கும் திறக்கும். எங்க ஊர்ப்பக்கம் இதைப் பார்க்காத வீடே இல்ல.

அதனால என் பதில்: அதுல கை வைக்காதீங்க. முடிஞ்சா அதை எளிதா எடுக்க முடியாத இடத்துக்கு மாத்துங்க. அப்பாவோ அம்மாவோ 60 தாண்டியிருந்தா தபால் ஆபீஸ்லயோ பேங்க்லயோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு. 2024ல அதுக்கு வட்டி 8.2 சதவீதம். அந்தக் கணக்குல 5 லட்சம் போட்டா மூணு மாசத்துக்கு ஒரு தடவை 10,250 ரூபாய் வரும், வாடகைக்கு ஆச்சு. 55ல இருந்து 60க்குள்ள இருக்கிறவங்களும் விருப்ப ஓய்வுல வந்திருந்தா சேரலாம், ஆனா பணம் கைக்கு வந்த 3 மாசத்துக்குள்ள போட்டிருக்கணும். அந்தக் கெடு தாண்டிட்டா 60 ஆகுற வரைக்கும் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்துல வைக்கலாம். ஒரே ஆள் பேர்ல 9 லட்சம் வரைக்கும் எடுத்துக்குவாங்க.

சரி, பல்லுக்கு வருவோம்.

29 வயசுல பல் நகருமா?

நகரும். 49லயும் நகரும். பல்லை ஒரு பக்கமா மெதுவா தள்ளிக்கிட்டே இருந்தா, தள்ளுற பக்கம் எலும்பு கரையும், விட்டுட்டு வந்த பக்கம் புது எலும்பு வளரும். இந்த வேலை வயசானாலும் நடக்கும். பெரியவங்களுக்கு என்ன வித்தியாசம்னா தாடை வளர்ச்சி முடிஞ்சிருக்கும். பல் மட்டும் கோணலா இருந்தா கம்பி போதும். தாடையே முன்ன தள்ளியோ பின்ன போயோ இருந்தா கம்பியோட ஆபரேஷனும் சேர்ந்து தேவைப்படலாம். இதை முதல் நாளே தெளிவா கேட்டுருங்க, ஏன்னா அது வேற பட்ஜெட்.

வயசை விட முக்கியம் ஈறு. ஈறுல வியாதி இருந்து எலும்பு ஏற்கெனவே தேய்ஞ்சிருந்தா, அதைச் சரி பண்ணாம கம்பியை மாட்டினா பல்லு ஆடிப்போகும். சொத்தையை அடைச்சு, பல்லைச் சுத்தம் பண்ணி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் கம்பி. "இன்னைக்கே மாட்டிரலாம், இன்னைக்கு மட்டும் ஆஃபர்"னு யாராவது சொன்னா, எழுந்து வந்துருங்க.

அழகுக்காகப் போடுறேன்னு சொல்ல பலரும் கூச்சப்படுறாங்க. அதுல என்ன கூச்சம்? வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சே பாதி வயசைக் கழிச்சவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். உங்க சம்பாத்தியம், உங்க பல்லு. ஒண்ணு மட்டும் சொல்றேன்: கல்யாணத் தேதியை வெச்சுக்கிட்டு அவசரப்படாதீங்க. ரெண்டு மூணு மாசத்துல நேராக்கித் தர்றேன்னு சொல்லி, நல்ல பல்லை ராவி, வேர் சிகிச்சையும் பண்ணி, மேல கேப் மாட்டி விடுற இடங்கள் இருக்கு. ராவின பல்லு திரும்ப வராது. கேப்பும் ஆயுசுக்கு நிக்காது, சில வருஷம் கழிச்சு மாத்தணும். கம்பியில சொந்தப் பல்லு உங்ககிட்டயே இருக்கும்.

45,000 எப்படி 69,000 ஆகுது?

உலோகக் கம்பிக்கு நம்ம ஊர்ப்பக்கம் 30,000ல இருந்து 50,000 வரைக்கும் கேக்குறதைப் பார்க்கலாம். பல் நிறத்துல வர்ற செராமிக் அதுக்கும் மேல. கழட்டி மாட்டுற அலைனர்னா பெரும்பாலும் லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். இந்தத் தங்கச்சிக்குச் சொன்ன 45,000ஐயே எடுத்துக்குவோம்.

கம்பிக்கு முன்னாடி எக்ஸ்ரே, சுத்தம் பண்றது, ரெண்டு அடைப்பு, இடம் பத்தலைன்னா கடவாய்க்கு முன்னாடி இருக்கிற சின்னப் பல்லு எடுக்குறது, எல்லாத்துக்கும் 6,000 வைங்க. அடுத்து வர்றதைத்தான் யாரும் எழுதி வைக்கிறதில்ல. நாலுல இருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை கம்பியை முறுக்கப் போகணும். ரெண்டு வருஷத்துக்கு 22 தடவைன்னு வைங்க. மாசம் 12,000 சம்பளத்துல ஒரு நாள் லீவுன்னா 400 ரூபா போச்சு. டீ, சாப்பாடு, பஸ்ஸுக்கு 80. ஒரு தடவைக்கு 480, 22 தடவைக்கு 10,560. விடியல் பயணத்துல சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைங்கிறதால இது இவ்வளவு குறையுது. மேல மாஞ்சோலையிலயே இருக்கிறவங்கன்னா கதையே வேற. நாளைக்கு ஓடுற சில பஸ்ஸைப் பிடிச்சு, மணிமுத்தாறு செக்போஸ்ட் வழியா இறங்கி ஏறுறதுக்கே முழு நாள் போயிரும்.

உடைஞ்ச பிராக்கெட்டை ஒட்ட ஒரு 2,000. கோவில்பட்டி கடலைமிட்டாயும் முறுக்கும் பிராக்கெட்டுக்கு எமன். அல்வா மெதுவாத்தான் இருக்கும், ஆனா கம்பிக்குள்ள போய் ஒட்டிக்கும், அன்னைக்கு ராத்திரி கால் மணி நேரம் துலக்கணும். வெத்தலை போடுற பழக்கம் இருந்தா பாக்கை விட்டுருங்க. செராமிக் போடுறவங்களுக்கு ஒரு தகவல்: கம்பியைக் கட்டுற கண்ணாடி நிற ரப்பர், டீயிலயும் மஞ்சள் போட்ட குழம்புலயும் ரெண்டே நாள்ல மஞ்சளாயிரும். தேயிலைத் தோட்டத்துல பிறந்த புள்ளையை டீ குடிக்காதன்னு நான் எப்படிச் சொல்ல? உலோகக் கம்பியே போடுங்க, காசும் மிச்சம்.

கடைசியா ரீடெய்னர், 5,000.

45,000, 6,000, 10,560, 2,000, 5,000. கூட்டினா 68,560. இதுதான் உங்க உண்மையான விலை. கிளினிக் சொன்னது பொய்யில்ல, அவங்க கைக்குப் போறதை மட்டும் சொன்னாங்க.

இன்சூரன்ஸ்ல கிடைக்குமான்னு கேக்காதீங்க. பெரும்பாலான மெடிக்ளெய்ம் பாலிசியில, விபத்துல அடிபட்டு ஆஸ்பத்திரியில சேர்ந்தா மாதிரியான சமயத்துலதான் பல் வைத்தியம் வரும். வரிசையை நேராக்குறதுக்கு வராது.

வட்டியில்லா இஎம்ஐ

2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கு எழுதின சுற்றறிக்கையில, பூஜ்ய வட்டிங்கிற ஒண்ணே கிடையாதுன்னு சொல்லிருச்சு. எப்படின்னு பாருங்க. ரொக்கமா கொடுத்தா 41,000க்கு முடிச்சுத் தர்றோம்பாங்க. இஎம்ஐன்னா 45,000, மாசம் 3,750 வீதம் 12 மாசம், வட்டி கிடையாதும்பாங்க. அந்த 4,000 தள்ளுபடி போனதுதான் வட்டி. 500 ரூபாய் பிராசஸிங் கட்டணமும் அதுக்கு ஜிஎஸ்டியும் சேர்த்தா, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 20 சதவீத வட்டிக்கு கடன் வாங்கினதுக்குச் சமம். நகைக்கடனை விடவே ஜாஸ்தி!

வட்டியை விடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. சிகிச்சை 24 மாசம், பணமோ மொத்தமும் முதல் நாளே கிளினிக்குக்குப் போயிருது. நடுவுல டாக்டர் ஊர் மாறினாலோ கிளினிக்கை மூடினாலோ, கம்பி வாயில இருக்கும், கடன் உங்க பேர்ல இருக்கும். அமெரிக்காவுல ஸ்மைல் டைரக்ட் கிளப்னு பெரிய அலைனர் கம்பெனி, 2023 டிசம்பர்ல திடீர்னு கடையைச் சாத்திருச்சு. பாதி சிகிச்சையில இருந்தவங்க அப்படியே நின்னாங்க. தவணையில வாங்கினவங்க மட்டும் மீதித் தவணையைக் கட்டியே ஆகணும்னு சொன்னாங்க. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அதுதான் கதி.

அப்படியும் கடன்தான் வழின்னா, கையெழுத்துக்கு முன்னாடி முக்கியத் தகவல் அறிக்கையைக் கேளுங்க. 2024 அக்டோபர்ல இருந்து தனிநபர் கடன் எதுக்கும் அதைக் கொடுத்தாகணும். எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான வருஷ வட்டி அதுல இருக்கும்.

நான் சொல்ற வழி

கிளினிக்ல நேரடியாவே தவணை கேளுங்க. கம்பி மாட்டுற அன்னைக்கு 12,000, அப்புறம் ஒவ்வொரு தடவை போகும்போதும் 1,500. 22 தடவையில 33,000, மொத்தம் அதே 45,000. வேலை நடக்க நடக்கப் பணம் போகும், வட்டி கிடையாது. ஊர்ப்பக்க டாக்டருங்க நிறைய பேர் இதுக்குச் சம்மதிப்பாங்க, நாமதான் கேக்குறதில்ல.

முன்பணத்துக்கு இன்னைக்கே பேங்க்ல மாசம் 2,500க்கு 8 மாச ஆர்டி தொடங்குங்க. தபால் ஆபீஸ் ஆர்டி வேண்டாம், அது 5 வருஷம். 8 மாசத்துல 20,000மும் கொஞ்சம் வட்டியும் சேரும். முதல் வேலைக்கு 6,000, கம்பிக்கு 12,000, மீதி உடைசலுக்கு. அதுக்கப்புறம் மாசம் 2,000க்குள்ள அடங்கிரும். ஏற்கெனவே 2,500 ஒதுக்கிப் பழகியிருப்பீங்க, பாரமா தெரியாது. மிச்சம் 500ஐ ரீடெய்னருக்குச் சேர்த்துட்டே வாங்க. காத்திருக்கிற 8 மாசமும் வீணில்ல, பல்லைச் சுத்தம் பண்ணி ஈறை ஆத்துறதுக்கு அந்த நேரம் வேணும்.

இன்னும் குறைக்கணும்னா திருநெல்வேலி–நாகர்கோவில் ரோட்டுல காவல்கிணறுல ராஜாஸ் பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. பல் கல்லூரிகள்ல பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில கம்பி போடுவாங்க. பொதுவா தனியார் கிளினிக்கை விடக் கம்மியா வரும். ஆனா ஒவ்வொரு தடவையும் நேரம் ஜாஸ்தி ஆகும், நடுவுல மாணவர் படிப்பு முடிஞ்சு போனா அடுத்தவர் தொடர்வார். அம்பாசமுத்திரத்துல இருந்து 22 தடவை அவ்வளவு தூரம் போய் வர்ற செலவையும் லீவையும் கழிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

எங்க போனாலும் கம்பி போடப் போறது யாருன்னு கேளுங்க. பிடிஎஸ் முடிச்சு, அதுக்கு மேல பல் சீரமைப்புல மூணு வருஷம் எம்டிஎஸ் படிச்சவர்தான் இதுல ஸ்பெஷலிஸ்ட். சின்ன ஊர்ல அவர் மாசம் ஒண்ணு ரெண்டு தடவை வந்து போற டாக்டரா இருப்பார். தப்பில்ல, ஆனா அவர் வர்ற நாள் உங்க லீவு நாளோட ஒத்துப்போகணும். மொத்தத் தொகை, அதுல என்னென்ன அடக்கம், பாதியில நின்னா என்ன திரும்ப வரும், ரீடெய்னர் சேர்த்தியா இல்லையா, எல்லாத்தையும் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்குங்க. ஆரம்ப எக்ஸ்ரேயும் பல் அச்சு எடுத்த போட்டோவும் போன்ல இருக்கட்டும். டாக்டர் மாற வேண்டி வந்தா அதுதான் கைகொடுக்கும்.

ரீடெய்னர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். கம்பியைக் கழட்டின உடனே பல்லு பழைய இடத்துக்கே போகப் பார்க்கும், பெரியவங்களுக்கும் அதே கதைதான். முதல் சில மாசம் டாக்டர் சொல்ற அளவுக்கு முழு நேரமும், அப்புறம் ராத்திரி மட்டும், வருஷக்கணக்கா போடணும். தொலையும், உடையும், நாய் கடிச்சுட்டுப் போகும், டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வெச்சு குப்பையில போயிரும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறதா நினைச்சு, கம்பி கழட்டினதுக்கு அப்புறமும் மாசம் 150 ரூபாய் தனியா போட்டுட்டே வாங்க. கழட்டுறப்போ அச்சுக் கட்டையைக் கேட்டு வாங்கி வீட்டுல பத்திரமா வைங்க. பல்லு நகராம இருக்கிற வரைக்கும் அதை வெச்சே அடுத்த ரீடெய்னரைச் செஞ்சிரலாம், திரும்ப அளவு எடுக்குற காசும் ஒரு நாள் லீவும் மிச்சம்.