அறியாமை காவலாகாது
அறிவுசார் குறைபாடுடையோரின் வாழ்வுரிமை பற்றிய பாடம்

பொதட்டூர்பேட்டையின் தறிக்கூடங்களிலும் சுற்றியுள்ள சிற்றூர்களின் வயல்களிலும், அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞரும் மங்கையரும் நம்மோடு கூடி வாழ்கின்றனர். உண்டியும் உடையும் அளித்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது எனக் கருதுகிறோம். ஆயினும் இவர்கள் உடலும் உரிய காலத்தில் பருவமெய்துகிறது. உள்ளமும் அன்பையும் துணையையும் நாடுகிறது. இதனைப் பேச நாணி நாம் இரு பிழையான முடிபுகளைக் கொண்டுள்ளோம்.

“அவர்கள் குழந்தை போன்றவர்கள், ஒன்றும் அறிய வேண்டுவதில்லை” என்பது முதலாவது. தகாத தொடுதலை இன்னதென்று அறியாதவர், தமக்கு நேர்ந்ததை எடுத்துரைக்கவும் அறியார். தீயோர்க்கு வாய்ப்பாவது இந்த மௌனமே.

1994-இல் மராட்டிய மாநிலத்து ஷிரூரில், அரசு இல்லமொன்றிலிருந்த பெண்கள் பலருக்கு, மாதவிலக்கின்போது தூய்மை பேண அறியார் எனக் காரணங் கூறிக் கருப்பை அகற்றப்பட்டது. இதனால் கருவுறுதல் நிற்குமேயன்றி வன்கொடுமை நில்லாது. அதன் அடையாளமே மறைந்துபோகும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஒருவரது விருப்பமும் தெளிவான இசைவும் இன்றி மலடாக்கும் சிகிச்சை எதுவும் செய்தல் ஆகாது.

சண்டிகர் நகரில் அரசுக் காப்பகத்திலிருந்த வயதுவந்த பெண்ணொருத்தி வன்கொடுமையால் கருவுற்றாள். அவளுக்கு இருந்தது இலேசான குறைபாடு. குழந்தையைப் பெற்றெடுக்கவே அவள் விரும்பினாள். எனினும் கருவைக் கலைக்க உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் 2009-இல் அவ்வாணையை ஏற்காது, அவள் இசைவின்றிக் கலைத்தல் கூடாதெனத் தீர்ப்பளித்தது. குறைபாடு உண்டு என்பதனாலேயே ஒருவரது சொல் செல்லாததாகிவிடாது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

“கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்” என்பது இரண்டாவது பிழை. அறிவுசார் குறைபாடு நோயன்று. மணம் அதற்கு மருந்துமன்று. இல்லறத்தின் பொருளுணர்ந்து, தாமே விரும்புவோர்க்குத் துணை நிற்றல் வேறு. உணராதவரை மணையில் அமர்த்துதல் வேறு. மற்றவரிடம் உண்மையை மறைத்து முடிக்கும் மணம் இரு குடும்பங்களையும் வருத்தும்.

வீட்டில் கற்பிக்கத்தக்கவை எளியனவே:

1. உடலுறுப்புகளின் பெயர்களையும், மறைவாகப் பேணத்தக்கவை எவை என்பதையும் படங்காட்டிப் பலமுறை சொல்லுதல்.

2. கதவை மூடி உடைமாற்றப் பழக்குதல்.

3. பூப்பெய்துமுன்னரே மாதவிலக்கைப் பற்றி விளக்குதல்.

4. “வேண்டாம்” என மறுக்கவும், நம்பத்தக்க ஒருவரிடம் உடனே கூறவும் பயிற்றுதல்.

5. பிறர் மறுத்தால் விலகவேண்டும் என ஆண்மக்களுக்கும் உணர்த்துதல்.

இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர்க்கு வழிகாட்ட, முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பெற்ற தேசிய நிறுவனம் உள்ளது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒன்றை உறுதியாகக் கொள்ளவேண்டும். இவர்களுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமை, மரத்தடியில் பேசி முடிக்கத்தக்க வழக்கன்று. பணம் வாங்கித் தருவதும், கொடுமை செய்தவனுக்கே மணமுடித்து வைப்பதும் நீதியாகா. பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின், அறிந்தும் காவல் நிலையத்திற்குத் தெரிவியாதிருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றமாகும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய உதவித் தொலைபேசி எண்களைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் யாவரும் காண எழுதி வைத்தல் நன்று.