அர்ரேயும் எட்டு அணைக்கட்டும்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை மேலிருந்து கீழாக ஜாவாஸ்கிரிப்ட் அர்ரே ஒன்றில் போடுங்க: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். பெயர், அணைகள். நாம போட்டது எட்டுப் பெயர்தான். லெங்த் தானா வந்து ஒட்டிக்கும். அப்படின்னா அணைகள்.ஜாயின்() எப்படி வேலை செய்யுது? அந்த ஜாயின் எங்கிருந்து வந்தது?

வயலுக்குத் தண்ணி தேடுற மாதிரிதான். குளத்தில் இருந்தால் சரி, இல்லையென்றால் கால்வாய், அங்கும் இல்லையென்றால் ஆறு. இன்ஜின் முதலில் அர்ரேக்குள்ளேயே தேடும். இல்லையென்றால் அர்ரே.புரோட்டோடைப். அதற்கும் மேலே ஆப்ஜெக்ட்.புரோட்டோடைப். அதைத் தாண்டினால் நல். தேடல் முடிஞ்சது, பதில் அன்டிஃபைன்ட். ஜாயின் இரண்டாவது இடத்திலேயே கிடைத்துவிடும். ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டிக்கு இன்னும் ஒரு படி ஏறணும்.

இதில் எதுவுமே நகல் இல்லை. ஆயிரம் அர்ரே இருந்தாலும் ஜாயின் ஒன்றுதான். அதனால அர்ரே.புரோட்டோடைப்பில் இன்று 'கடைசி' என்று ஒரு ஃபங்ஷன் சேர்த்தால், நேற்றே எழுதிய அர்ரேக்கும் அது கிடைக்கும். நல்லாத்தானே இருக்கு என்று தோணும். ஆனால் பாபநாசத்துக்கு மேலே ஆத்துல கலந்தது எட்டு அணைக்கும் வந்து சேரும். அணைகள் மேல ஃபார்-இன் ஓட்டிப் பாருங்க: எட்டு சுற்று வரவேண்டிய இடத்தில் ஒன்பது. ஒன்பதாவது, அந்த 'கடைசி'!

இது நம்ம லேப் கணினியோடு நிற்கிற விஷயம் இல்லை. மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி, அர்ரே.புரோட்டோடைப்பில் தானாகவே ஃப்ளாட்டன் என்று ஒன்றைப் போட்டு வைத்திருந்தது. பல வருஷம் கழித்து அதே பெயரை மொழிக்குள்ளேயே கொண்டுவரப் பார்த்தபோது, அந்த லைப்ரரியை நம்பியிருந்த பழைய தளங்கள் உடையும் என்பது 2018-இல் தெரிய வந்தது. தளங்களை உடைக்க முடியாது என்பதால் பெயர்தான் மாறியது. ஸ்மூஷ் என்று வைக்கலாம் என்றுகூட வேடிக்கையாக ஒரு யோசனை வந்தது (நல்லவேளை!). 2019 தரநிலையில் ஃப்ளாட் என்ற பெயரில் வந்தது. யாரோ எழுதிய ஒரு லைப்ரரிக்காக, உலகம் முழுக்க எல்லோரும் சுருக்கப் பெயரில் கூப்பிடுகிறோம்.

சொந்த மெதட் வேண்டுமென்றால் அர்ரேயை எக்ஸ்டெண்ட்ஸ் செய்து தனி கிளாஸ் எழுதுங்க. அர்ரேக்கும் அர்ரே.புரோட்டோடைப்புக்கும் நடுவில் ஒரு படி கூடும். நீங்க சேர்த்தது அங்கேயே நிற்கும், மற்ற அர்ரேக்களுக்குப் போகாது. கடைசி உறுப்பு மட்டும் போதும் என்றால் அதுவும் வேண்டாம்: 2022 தரநிலையில் அட் வந்தாச்சு. அணைகள்.அட்(-1) கொடுங்க, ஸ்ரீவைகுண்டம் வரும்.