பனி கரைந்ததும் சாவியைத் தேட வேண்டாம்

ஏப்ரல் – மே: பழைய ஏ.டி.வி. வாங்கியவர்களுக்கான பருவகால ஆலோசனை

பனி உருகத் தொடங்கியதும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹாலிபர்டன், பான்கிராஃப்ட் பகுதிகளில், குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த ஏ.டி.வி.கள் வெளியே வருகின்றன. பழைய வண்டிகள் கைமாறும் காலமும் இதுதான். நான்கு தடித்த டயர், பைக்கில் இருப்பதுபோல் ஹேண்டில்பார், கல்லும் சேறும் பாராமல் ஏறும் எஞ்சின்: முதன்முதலாக ஒன்றை வாங்கியவருக்குக் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் கிளப்பக் கூடாது. காட்டுத் தடங்கள் பலவும் நிலம் இறுகும்வரை மூடியே இருக்கும். அந்த அவகாசத்தில் வண்டியைப் பார்த்துவிடலாம்.

எலியும் ஏர் ஃபில்டரும்

சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறப்பது முதல் வேலை. குளிருக்கு ஒதுங்கும் எலிகளுக்கு அது பிடித்தமான இடம். கூடு கட்டியிருந்தால் பக்கத்து வயர்களையும் கடித்திருக்கலாம். சைலன்சர் அருகே காய்ந்த புல் அடைந்திருந்தால், சூடேறியதும் தீப்பிடிக்கும். எலி எச்சத்தின் தூசி மூலம் ஹான்டாவைரஸ் பரவக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் கூட்டித் தள்ளக் கூடாது. கிருமிநாசினி தெளித்து நனைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அள்ள வேண்டும்.

ஃபோம் ஃபில்டர் என்றால் சோப்பு கலந்த வெந்நீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நன்றாக உலர்த்தி, அதற்குரிய ஃபில்டர் ஆயிலைத் தடவிப் பொருத்த வேண்டும். பெட்ரோலில் கழுவுவது ஆபத்து. ஃபோம் தொட்டதும் பொடிந்தால் புதிது வாங்குவதே சரி.

ஆயில் சொல்லும் கதை

பழைய வண்டியை முந்தைய சொந்தக்காரர் எப்படி ஓட்டினார் என்று அவர் சொல்லாததை டிப்ஸ்டிக் சொல்லிவிடும். ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஆழமான ஓடையில் இறக்கியிருக்கலாம், கூலன்ட் கசிந்திருக்கலாம். காரணம் தெரியும்வரை எஞ்சினை இயக்கக் கூடாது.

ஆயில் தெளிவாக இருந்தாலும், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டிக்குப் புது ஆயிலும் புது ஃபில்டரும் போட்டுவிடுவது நல்லது. ஹோண்டா ரான்சர் போன்ற மாடல்களில் எஞ்சினும் கிளட்சும் ஒரே ஆயிலில் இயங்குகின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்தால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் டிஃபரன்ஷியல் ஆயில் தனி. புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது அதைத்தான்.

பெட்ரோல், பாட்டரி

போன இலையுதிர்காலத்து பெட்ரோல் டேங்கில் அப்படியே இருந்தால் வடித்துவிட வேண்டும். நாள்பட்ட பெட்ரோல் கெட்டுப் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். எத்தனால் கலந்தது ஈரத்தையும் இழுக்கும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் சேர்க்க வேண்டும்.

12 வோல்ட் பாட்டரி முழு சார்ஜில், ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே என்றால் குறைந்த ஆம்பியர் சார்ஜரில் போடலாம். சார்ஜ் இறங்கிய நிலையில் உறைந்து பக்கவாட்டில் உப்பிய பாட்டரியை சார்ஜரில் போடவே கூடாது.

டயரும் ரப்பர் உறையும்

கார் பழக்கத்தில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிப்பவர்கள் உண்டு. ஏ.டி.வி.க்கு அது தாங்காது. பல மாடல்களுக்கு 4 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும், சரியான அளவு வண்டியில் ஒட்டிய லேபிளில் இருக்கும். இவ்வளவு குறைந்த அழுத்தத்தை சாதாரண கேஜ் துல்லியமாகக் காட்டாது என்பதால் அதற்கென உள்ள கேஜ் வேண்டும். இரு பக்கமும் அழுத்தம் ஒன்றாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அடுத்து, சக்கரத்துக்கு உள்பக்கம் ஆக்ஸில் முனையில் உள்ள மடிப்பு ரப்பர் உறைகளை விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். கிழிந்த உறை வழியாக கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போனால், உறையோடு முடியும் செலவு முழு ஆக்ஸிலில் போய் நிற்கும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். லொடலொடத்தால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கும்.

காகித வேலை

வண்டியின் சட்டகத்தில் பொறித்த வி.ஐ.என். என்ற வாகன அடையாள எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகு, அதே எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் ரீகால் பட்டியலையும் தேட வேண்டும். 2016 ஏப்ரலில் போலாரிஸ் நிறுவனம் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக அமெரிக்காவில் ஏறக்குறைய 1,33,000 ஆர்.இசட்.ஆர். வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அப்படிப்பட்ட பழுதை முந்தைய உரிமையாளர் சரிசெய்யாமல் விட்டிருந்தால், டீலரிடம் இலவசமாகவே முடித்துக்கொள்ளலாம். சொந்த நிலத்துக்கு வெளியே ஓட்ட ஒன்டாரியோவில் பதிவும் காப்பீடும் ஹெல்மெட்டும் கட்டாயம்.

இதெல்லாம் முடிந்த பிறகு எஞ்சினைக் கிளப்பி, வீட்டு வளாகத்திலேயே மெதுவாகப் பத்து நிமிடம் ஓட்டி, கசிவும் பிரேக்கும் பார்க்கலாம். பிரேக் பிடி தளர்ந்தாலோ, ஸ்டியரிங் ஆடினாலோ, பெட்ரோல் வாடை வந்தாலோ மெக்கானிக்கிடம் விட வேண்டும். மே 25-க்கு முந்தைய திங்கள்கிழமை விக்டோரியா தினம். அந்த நீண்ட வார இறுதியில் ஓட்ட நினைப்பவர்கள் பாகங்களை ஏப்ரலிலேயே ஆர்டர் செய்துவிட வேண்டும்.