ரசிகர் மன்றம் ஆட்சியைத் தருமா?

கேள்வி: எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் லட்சக்கணக்கில் ரசிகர்கள் இருந்தார்கள். அரசியலில் எம்.ஜி.ஆர். மட்டும் வென்றது எப்படி?

பதில்: எம்.ஜி.ஆர். படங்களில் அரசியல் தொடக்கத்திலேயே கலந்திருந்தது. 1958-இல் அவரே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ படத்தில், நிறுவனச் சின்னமாக ஓர் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியை ஏந்தி நிற்பார்கள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், வாலி போன்றோர் எழுதிய பாடல்கள் ஏழைக்குப் பரிந்து பேசின. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) சாட்டையைச் சுழற்றியபடி நாயகன் பாடும் பாட்டு, பின்னாளில் கட்சி மேடைகளிலும் முழங்கியது. 

சிவாஜியின் ரசிகர்கள் கொண்டாடியது நடிப்பை. அவர் ஏற்ற பாத்திரங்களோ படத்துக்குப் படம் மாறின, எம்.ஜி.ஆர். பெரும்பாலும் ஒரே நல்லவராகவே வந்தார். எம்.ஜி.ஆர். மன்றங்களும் கட்சிக் கிளைகளைப் போலவே தேர்தல் வேலை பார்த்தன. அதனால்தான் 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டதும் அவரால் உடனே அ.தி.மு.க.வைத் தொடங்க முடிந்தது. மறு ஆண்டே திண்டுக்கல் இடைத்தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர் மாயத்தேவர் வென்றார். 1977-இல் ஆட்சியும் கைக்கு வந்தது.

சிவாஜி தனிக்கட்சி கண்டது 1988-இல், ஐம்பத்தொன்பது வயதில். 1989 தேர்தலில் திருவையாறு தொகுதியில் அவரே தோற்றார்.