வேட்பாளரை எந்தத் தளத்தில் பார்ப்பது?

கேள்வி: தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் ஆளுக்கொரு இணையதளம் தொடங்குகிறார்கள். ஓட்டுப் போடுகிறவனுக்கு அதில் எது உபயோகம்?
– வாசகர், குத்தாலம்

பதில்: சொந்தத் தளம் சுவரொட்டிக்குத் தம்பி. தலைவர் படம் பெரிதாக இருக்கும். வழக்கு விவரத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒப்பிட வேண்டுமானால் வேறு இடம் போக வேண்டும்.

தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பிரமாணப் பத்திரம் (படிவம் 26) கிடைக்கும். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் வேட்பாளரே கையெழுத்திட்டுத் தந்தவை. ஆனால் ஸ்கேன் செய்த பக்கங்கள். செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். வேட்பாளர் விவரங்களைத் தொகுத்து வெளியிடும் ஏடிஆர் அமைப்பின் 'மைநேதா' தளம் அதே விவரங்களைத் தொகுதிவாரியாக அட்டவணை போட்டுத் தருகிறது. ஒப்பிட இதுவே சுலபம். ஆங்கிலத்தில் இருப்பதுதான் சங்கடம். சந்தேகம் வந்தால் மூலப் பத்திரத்தையே நம்புங்கள்.

இந்தத் தளங்களில் குத்தாலம் தொகுதி என்று தேடிப் பயனில்லை. தொகுதி மறுசீரமைப்பில் அது போய்விட்டது. அந்தத் தொகுதிக்குக் கடைசிப் பொதுத்தேர்தல் 2006-இல். உங்கள் வாக்காளர் பட்டியலில் மயிலாடுதுறையா, பூம்புகாரா என்று பார்த்துத் தேடுங்கள்.

கட்சித் தளங்களையும் விடாதீர்கள். வழக்குள்ளவரை நிறுத்தினால், அந்த விவரத்தையும் நிறுத்திய காரணத்தையும் கட்சி தன் தளத்தில் போட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முகப்புப் பக்கத்திலேயே அதற்குத் தனித் தலைப்பு வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சொன்னது. தளத்தைத் திறந்ததும் அந்தத் தலைப்பு கண்ணில் படவில்லையா? ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடமே கேளுங்கள்.